வெள்ளைக் கிளை

கனகவல்லிக்கு முழங்கையில் வெண்படை வந்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். இப்போது வயிற்றில் ஏழு மாதம். “பிள்ளைக்கும் வருமா?” என்று கேட்டதற்கு, “பெரும்பாலும் வராது” என்றார் டாக்டர். அந்தப் ‘பெரும்பாலும்’ அவளை விடவில்லை.

வாசலில் நின்ற அந்திமந்தாரையில் ஒரு கிளை மட்டும் இலையெல்லாம் வெளுத்திருந்தது. அதன் விதைகளை ஒரு தொட்டியிலும் பச்சைக் கிளையின் விதைகளை இன்னொன்றிலும் போட்டாள். பச்சைக் கிளையின் விதைகள் பச்சையாக முளைத்தன. வெள்ளைக் கிளையினுடையவை எல்லாம் வெளுத்தே வந்தன.

“ஒரே செடிதானங்க? நடுவுல வந்த வெளுப்பு விதைக்குள்ள எப்படிப் போச்சு?”

கணவன் இசக்கிமுத்து சிரித்தான். “செடிக்கு அந்தந்தக் கிளையிலயே பூவும் காயும். ஏட்டி, நமக்கு அப்படியா? கையில வந்தது கையோட நிக்கும்.”

அது சரியென்றும் பட்டது, இல்லையென்றும் பட்டது.

மறுவாரம் வெள்ளை நாற்றுகள் துவண்டன. மதியத் தூக்கம் கலைந்து வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். இசக்கிமுத்து வெயிலில் குந்தியிருந்தான். குடை தொட்டிக்கு மேலே இருந்தது. ஒரு நாற்றை இரண்டு விரல்களால் நிமிர்த்திப் பிடித்திருந்தான்.

“செடி வேற, நாம வேறன்னுதான சொன்னீக?”

அவன் குடையை நாற்றின் பக்கம் இன்னும் சாய்த்தான்.

“கொஞ்சம் தண்ணி கொண்டா வல்லி” என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.