உதடு விறைக்கும் சாப்பாடு

லண்டன் நியூ மோல்டனில் ஒரு கொரியன் கடையின் கண்ணாடியோரம், மதிய வெயில் விழும் ஒடுங்கிய மேசையில், சூடாக்கிய சாப்பாட்டுப் பெட்டி ஆவி விடுகிறது. சோற்றுக்குப் பக்கத்தில், 'மாலா' என்ற சீனத்து உறைப்புக் குழம்பில் கோழித் துண்டுகள் சிவந்து கிடக்கின்றன. "எங்களுக்கு உறைப்பு புதுசே?" என்று இருந்தவற்றிலேயே கடும் உறைப்பைத் தெரிந்தெடுத்தவர் யோகநாதன்தான். இரண்டு வாய் சாப்பிட்டவர் கரண்டியை வைக்கிறார். "மலர், உதடெல்லாம் விறைக்குது." தவமலருக்குத் திக்கென்கிறது. போன வருசம் பாரிசவாதம் வந்த காலையிலும் கணவர் இதையேதான் சொன்னார். ஒரு பக்கம் சரிகிறதா என்று பார்க்க, ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்தபடி, "இஞ்சருங்கோ, சிரியுங்கோ, ரெண்டு கையையும் தூக்குங்கோ" என்கிறாள். எண்ணெய் மின்னும் வாயால் சிரித்தபடி அவர் கைகளை உயர்த்துகிறார். கல்லாவிலிருந்த கொரியப் பெண் பதறி ஓடிவருகிறாள். விறைப்பு என்று கேட்டதும் முகம் தளர்ந்து, குழம்பில் கிடக்கும் பழுப்பு மிளகு ஒன்றைக் காட்டுகிறாள். இது எல்லாருக்கும் உதட்டை விறைக்க வைக்கும் என்கிறாள். நம்பாமல் தவமலரும் ஒரு வாய் அள்ளிப் போடுகிறாள். உறைப்பு காதுவரை ஏறுகிறது. பிறகு உதட்டில் சிற்றெறும்புகள் ஊர்வதுபோல் இருந்து, மெல்ல மெல்ல அவளுக்கும் விறைக்கிறது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நன்றி சொல்ல உதடு ஒத்துழைக்கவில்லை.

"இனிக் கையைக் கீழ விடட்டோ?" என்று கேட்கிறார் யோகநாதன்.

"கொஞ்சம் பொறுங்கோ."

இரண்டு கைகளும் ஒரே உயரத்தில், வெயிலில் நிற்கின்றன. தவமலர் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.