சுக்குக் காபி வாசனை

பூங்கோதையின் ஸ்டீல் பாட்டிலுக்கு ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் ஏக்கம். அந்த மழை நாளில் அவள் தண்ணீருக்குப் பதிலாகச் சுடச்சுடச் சுக்குக் காபியை ஊற்றி வேலைக்கு எடுத்துப் போயிருந்தாள். மறுநாளே பிரஷ் விட்டுத் தேய்த்ததில் பாட்டிலுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. மூடிக்குள் இருந்த ரப்பர் வளையத்தை மட்டும் அவள் கழற்றிக் கழுவவேயில்லை. அதனால் மூடியைத் திருகும்போதெல்லாம் பாட்டில் கேட்கும், "அந்த நாளைச் சொல்லேன்." வளையமும் மணக்க மணக்கச் சொல்லும்.

குடிக்கிற தண்ணீர்தான் கெட்டது.

"என்னதான் தேய்ச்சாலும் ஒரு வாடை அடிக்குதே. பழைய பாத்திரத்துக்குப் போட்டுட வேண்டியதுதான்" என்றாள் பூங்கோதை.

பாட்டில் பதறிப்போய், "நீயும் மறந்துடேன்" என்று வளையத்திடம் கெஞ்சியது.

"நானும் மறந்துட்டா உனக்கு யாரு சொல்லுவா?" என்றது வளையம்.

அதற்குள் அது பூங்கோதையின் கண்ணில் பட்டுவிட்டது. ஹேர்பின்னால் நெம்பி எடுத்து, ஆப்பசோடா கலந்த வெந்நீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டினாள். தண்ணீர் பிடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "இப்பதான் தண்ணி தண்ணியா இருக்கு" என்று பையில் வைத்துக்கொண்டாள்.

பைக்குள் பாட்டில் மெதுவாகக் கேட்டது, "அந்த மழை நாளைச் சொல்லேன்."

வளையம் கொஞ்ச நேரம் யோசித்தது.

"எந்த மழை?"