கப்பல் நிற்க, ஐந்தெழுத்து

நூலகத்து மாடியறையில் அன்று இருந்தவர்கள்: மூளைப் பயிற்சி நடத்தும் நர்ஸம்மா, பல் போன பல் டாக்டர், தையல்காரர், ஓய்வுபெற்ற டீச்சரம்மா, மரக்கடை முதலாளி, அவர் தங்கை. வேறு யாரும் இல்லை.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து தங்கையின் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. புத்தியும் போய்விட்டது என்று உறவுக்குள் பேச்சு.

அந்தக் குடும்பத்தில் அப்படி யாரும் இருந்ததில்லை. முதலாளி அவளை நாலு பேர் கண்ணில் படாமல் வைத்திருந்தார். நர்ஸம்மாவின் நச்சரிப்பு தாங்காமல்தான் இன்று கூட்டிவந்தார். முதுகு வளையாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கரும்பலகையில் குறுக்கெழுத்துக் கட்டம். முறை வந்தவர் எழுந்து போய்த்தான் எழுத வேண்டும். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது.

'கப்பல் நிற்க இது வேண்டும், ஐந்தெழுத்து' என்று நர்ஸம்மா வாசித்ததற்கு டீச்சரம்மா 'துறைமுகம்' என்று எழுதிவிட்டு வந்தார். அதன்பின் ஒரு சொல்லும் பொருந்தவில்லை. டீச்சரம்மா எழுதியது தப்பாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஆளாளுக்குத் தங்கள் மண்டையைத்தான் நொந்துகொண்டார்கள்.

"பல்லோட சேத்து மூளையும் விழுந்துடுச்சு போல" என்றார் டாக்டர்.

சாக்பீஸ் தங்கையிடம் வந்தது.

"அவளுக்கு வேணாம்மா, அடுத்தவங்களுக்குக் குடுங்க."

முதலாளி சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். பதறிப்போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

பலகைக்கு முன் நின்றவள், டீச்சரம்மா எழுதியதை உள்ளங்கையால் அழித்தாள்.

முதலாளிக்குக் காது மடல் சுட்டது. சொந்தக்காரர்கள் சொன்னது நிஜம்தானா? அதையும் இத்தனை பேர் முன்னாலா?

அவள் இடக்கையால் எழுதத் தொடங்கினாள்.

அவர் பலகையைப் பார்க்கவில்லை. டீச்சரம்மாவின் முகத்தைப் பார்த்தார். சுருங்கியிருந்த புருவம் மெல்ல விரிந்தது.

"நங்கூரம்" என்று டீச்சரம்மா முணுமுணுத்தார்.

சாக்பீஸ் நிற்கவில்லை. கீழே, குறுக்கே, மறுபடி கீழே. தையல்காரர் எழுந்து நின்றுவிட்டார். திறந்த வாயை மூட டாக்டருக்கு மறந்துபோயிற்று. நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டம் நிறைந்துவிட்டது.

இத்தனை சொற்களையும் உள்ளே வைத்துக்கொண்டா இவள் தினமும் என் எதிரே வாய் மூடி உட்கார்ந்திருந்தாள்? முதலாளிக்கு உடம்பு சிலிர்த்தது. பிடித்திருந்த முழங்கையை, தொடத் தகாததைத் தொட்டவர்போல விட்டார்.

ஒரு வாரத்துக்குள் வேறொரு பேச்சு கிளம்பியது. முழங்கையைப் பிடிக்கிற சாக்கில் அண்ணன்தான் காதில் விடையை ஓதினாராம்.

சவரக் கடையில் அதைக் கேட்டதும் முதலாளி பாதி மழித்த கன்னத்தோடு எழுந்து நின்றார்.

"எனக்கு எழுத்தே தெரியாதுய்யா. கையெழுத்து மட்டும் போடுவேன். அதுவும் அவ சொல்லிக் குடுத்தது."