உப்புப் போட்ட புழு

“இன்னா இருசம்மா, கடல் மீனுன்னு சொல்லிக்கினு புழுவ நிறுத்துக் குடுக்கற?”

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எதிர்க்கடை ஜெயப்பிரகாஷ் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை ஊருக்கே தெரியும்படி தூக்கிப் பிடித்தார். உள்ளே உப்பில் புதைந்து, சுருங்கிப்போன பழுப்புத் துணுக்கு ஒன்று கிடந்தது.

“நேத்து உங்கிட்ட வாங்கின களவா மீனு. வயித்தக் கிழிச்சா உள்ள இது. கெட்டுப்போவக் கூடாதுன்னு உப்பு போட்டு வெச்சேன்.”

இருசம்மாள் டப்பாவை எட்டிப் பார்த்தாள். வழக்கமாக அவளே மீனை அரிந்து கொடுப்பாள். இவர்தான், “வேணாம், எனக்கும் கத்தி புடிக்கத் தெரியும்” என்று முழு மீனாக வாங்கிப் போயிருந்தார்.

மீன் எடுத்த கைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தன. ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். காலையிலிருந்து நாறாத மீன் அப்போதுதான் அவளுக்கு நாறியதாம்.

“அண்ணே, குடுங்க பாப்போம்.”

இசைவாணி. கடைத்தெருவில் அவளுக்கு ‘செவுள்காரி’ என்று பெயர். மீனை விட்டுவிட்டுச் செவுளை மட்டும் கேட்டு வாங்கிப் போகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பவளப்பாறை மீன்களில் ஒட்டிவாழும் தட்டைப்புழுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அவளுக்காகவே களவாச் செவுள்களை இருசம்மாள் எடுத்து வைப்பது வழக்கம்.

லென்ஸை வைத்துப் பார்த்தவளின் முகம் மாறியது.

“தட்டைப்புழுதான். ஆனா இம்மாம் பெருசு களவாவுல நான் பாத்ததே இல்ல. உப்புல சுருங்கிப் போச்சு, கண்ணால பாத்துச் சொல்ல முடியல.”

“பின்ன எப்பிடிச் சொல்லுவ?”

“டிஎன்ஏ எடுக்கணும்ண்ணே. ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனிப் புழு இருக்குது. வெளியில பாத்தா அண்ணந்தம்பி மாதிரியே இருக்கும். டிஎன்ஏ பாத்தாத்தான் யாரு எவருன்னு தெரியும்.”

“எடு, எடு. டிஎன்ஏ பொய் சொல்லாதுன்னு டிவியில பாத்துருக்கேன். புதுப் புழுன்னா என் பேரையே வெச்சிடு.” அவர் தாராளமாகச் சிரித்தார்.

கூட்டம் கலைந்ததும் இருசம்மாள் மெதுவாகக் கேட்டாள். “என் பொழப்பு போச்சா, இசை?”

“மீனுன்னா புழு இருக்கும்க்கா. நல்லா வேகவெச்சா ஒண்ணும் ஆவாது.”

“அத நீ வூடு வூடா போய்ச் சொல்லுவியா?”

இசைவாணிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு டப்பாவிலேயே கிடந்தது. யாரும் பார்க்காத புழுவாக இருந்தால்? பஸ் ஏறும் வரை டப்பாவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே போனாள்.

முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் இருசம்மாளுக்கு வரும் மீன் பெட்டிகள் குறைந்து ஒன்றே ஒன்று என்றாகிவிட்டது. அந்த ஒன்றும் விற்காவிட்டால் கரும்பு வெட்டப் போவது என்று முடிவு செய்திருந்தாள்.

அந்த ஞாயிறு இசைவாணி வந்து இறங்கியதுமே ஜெயப்பிரகாஷ் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வேடிக்கை பார்க்க ஆட்களும் சேர்ந்தார்கள்.

“இன்னாமா, புதுசா? என் பேரு வெச்சிட்டியா?”

“கடல் மீன்ல இதுவரைக்கும் பதிஞ்சு வெச்ச புழு ஒண்ணோடயும் ஒத்துப்போவலண்ணே.”

“பாத்தீங்களா? நாட்டுலயே இல்லாத புழுவ இந்தம்மா விக்குது.”

இருசம்மாள் தராசை எடுத்துக் கோணிக்குள் வைக்கத் தொடங்கினாள்.

“வைக்காதக்கா. நானும் புதுசுன்னுதான் ரொம்ப ஆசப்பட்டேன்.” இசைவாணி பெருமூச்சு விட்டாள். “இது ஏற்கெனவே பேர் வெச்ச புழு. கடல்லயே கிடையாது, எந்த மீன் வயித்துலயும் வாழாது. நல்லவேளை, அண்ணன் தோலுக்குப் போடற மாதிரி உப்பு போட்டு வெச்சிருந்தாரு. அதான் டிஎன்ஏ கெடாம கெடச்சுது.”

“மீன்ல வாழாதுன்னா பின்ன எங்கதான் வாழும்?” கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“ஆட்டு ஈரல்ல.”

கூட்டம் மொத்தமாக எதிர்ப்பக்கம் திரும்பியது. ‘ஜெயப்பிரகாஷ் மட்டன் ஸ்டால் – வெள்ளிமலை ஆட்டுக்கறி’ என்ற பலகைக்குக் கீழே, அன்றைய ஈரல்கள் கொக்கியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.