கால் மாத்திரை

“உனக்கு எதுக்கு உம்மு ரிஹாப் இந்த மாத்திரை?”

மேடம் இனாயாத்தின் கேள்வியில் கடைக்குள் இருந்த இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். மருந்துக் கடைக்காரர் வஜ்திக்கு கடலோர அன்ஃபூஷி வட்டாரம் முழுக்க டாக்டர் என்றே பெயர். பகல் சாப்பாட்டுக்காக அவர் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான இனாயாத் அதன் அடியில் குனிந்து உள்ளே வந்துவிட்டார்.

மேசைக் கண்ணாடியின் மேல் ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு பிளேடு, ஒரு டம்ளர் தண்ணீர். அவற்றின் முன்னால் பக்கத்துக் கடை மீன்காரி உம்மு ரிஹாப்.

“ஏன் டீச்சர், மீன் விக்கிறவளுக்குத் தூக்கம் கெடாதா?” என்றபடி அவள் பிளேடை எடுத்தாள். மாத்திரை இரண்டானது. அதில் ஒரு பாதி மறுபடி இரண்டானது. துளி மாவு உதிரவில்லை.

“எத்தனை நாளா இது?”

“ஏழு மாசமா. நாளைக்கு மூணுல ஆரம்பிச்சது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, நேத்து வரைக்கும் பாதி. இன்னிலேருந்து கால்.”

சந்தையில் முதல் ஆளாகக் கூடையைக் காலி செய்தவளின் முகம் அவளுக்கு அப்போது.

“மூணா?” இனாயாத் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “என் அக்கா ஒண்ணு போட்டதுக்கே குளியலறையில விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டா. பயந்துபோய் ஒரேயடியா நிறுத்தினா, மூணாம் நாள் வலிப்பு. நீ என்னடான்னா இதையும் போட்டுக்கிட்டு கையில கத்தியோட உக்காந்திருக்கே. இனிமே உன்கிட்ட மடவை மீனை வெட்டித் தரச் சொல்லவே பயமா இருக்கு.”

“மேடம், விஷயம் அப்படி இல்ல...” டாக்டர் வாயைத் திறந்தார்.

“நீங்க சும்மா இருங்க டாக்டர். டீச்சர் கேக்கட்டும்” என்று அடக்கினாள் உம்மு ரிஹாப். “மருந்து மேல தப்பில்ல டீச்சர். சாவு விழுந்த வீட்டுல முதல் பத்து நாள் தூங்க வெச்சதே இதுதான். பதினோராவது நாள், போதும்னு சொல்ல ஆள் இல்லாம போச்சு.”

“உன் வீட்டுக்காரர் போனப்பவா?”

“படுக்கையில பாதி காலியானா யாருக்கும் அப்படித்தான்.”

டாக்டர் வஜ்தி திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே வரிசையாக இருந்த மருந்துப் புட்டிகளை மறுபடி வரிசைப்படுத்தினார்.

“பாருங்க, உங்களுக்கு எப்படி வேர்த்துக் கொட்டுது” என்றார் இனாயாத். “இவளை மாதிரி ஆளுங்களோட மல்லுக்கட்டி நீங்கதான் இளைச்சுப் போயிட்டீங்க டாக்டர். நேத்து என் மருமக சீட்டோட வந்தப்ப, தூக்க மாத்திரை வெக்கிற அந்தப் பூட்டின அலமாரிக்குச் சாவி எடுக்க வெளியில ஓடினீங்களாமே?”

“சாவி பத்திரமான இடத்துல இருக்கு மேடம்.”

“அதுவும் நல்லதுதான். யார் யாரோ வந்து போற கடை.” மீன்காரியை மேலும் கீழும் பார்த்தார்.

உம்மு ரிஹாப் சிரித்தாள்.

இனாயாத் தன் ரத்தக்கொதிப்பு மாத்திரையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கிளம்பியவர் ஷட்டருக்கு அருகில் நின்றார்.

“ஆனா ஒண்ணு சொல்லணும். மூணுலேருந்து கால். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்திருக்கேன், இப்படிச் சொன்ன பேச்சு கேக்குற மாணவி எனக்குக் கிடைச்சதில்ல. இருந்தாலும் பெருமையெல்லாம் டாக்டருக்குத்தான்.”

“ஆமா டீச்சர். முக்கால்வாசி அவருக்குத்தான்.”

“தெரு முழுக்கச் சொல்லப் போறேன், பாரு.”

“தாராளமா சொல்லுங்க. என் பேரையும் சேர்த்தே சொல்லுங்க.”

இனாயாத்தின் செருப்புச் சத்தம் டிராம் ஓசையில் கரையும் வரை காத்திருந்துவிட்டு, உம்மு ரிஹாப் ஷட்டரைத் தரைவரை இழுத்து விட்டாள். கடல் வெயில் ஒரு மெல்லிய கோடாகத் தரையில் ஒட்டிக்கொண்டது.

“அவங்க சொல்லிடுவாங்க.” டாக்டர் நெற்றி வேர்வையைத் துடைத்தார். “நாளைக்கு உங்க கடைப் பக்கம் யாரும் வர மாட்டாங்க.”

“ரெண்டு நாள் வர மாட்டாங்க. மூணாம் நாள் மீன் வேணும்ல? என் கடைக்குச் சீல் வைக்க எந்த அதிகாரியும் வரப் போறதில்ல.”

கழுத்துக் கயிற்றில் தொங்கிய அலமாரிச் சாவியை அங்கிக்குள் தள்ளிக்கொண்டு, கால் துண்டையும் தண்ணீரையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

“ம், போடு மகனே. இன்னிக்குக் கால்தான். நேத்து மாதிரி சாவியைக் கேட்டு அழக் கூடாது.”