பதினோரு மணிக் கறுப்பு

எதிர்வீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பது பிடிக்காமல், நினைத்தபோது கறுப்பாகும் ஜன்னல் கண்ணாடியை கணவர்தான் தேடிப்பிடித்துப் போட்டார். ஜன்னல் கறுப்பா வெளிச்சமா என்று எங்கிருந்தாலும் போனிலேயே பார்க்கலாமாம்.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். கண்ணில் படுவதெல்லாம் தப்பாகத்தான் இருக்கும். முதல் நாள் பதினோரு மணிக்குப் போனை எடுத்து, படுக்கையறை ஜன்னல் படத்தைத் தொட்டுப் பார்த்தார்.

கறுப்பு.

மனைவி தனியாக உட்கார்ந்து தைக்கிற நேரம் அது. பன்னிரண்டுக்கு மறுபடி தொட்டார். வெளிச்சம். 'வந்தவன் போய்ட்டான்' என்று பல்லைக் கடித்தார்.

நான்கு நாளும் இதே கதை.

"பட்டப்பகல்ல ஜன்னலை எதுக்கு இருட்டாக்குறே?" என்று சாப்பிடும்போது கேட்டார்.

"நான் எங்க ஆக்குறேன்? அதுவா கறுக்குது. ஊசியில நூல் கோக்க முடியல."

'என்னமா கதை விடுறா' என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் பதினோரு மணிக்கும் கறுப்பு. லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

வாசலில் ஆண் செருப்பு. படுக்கையறையில், மனைவியின் பக்கத்தில் ஒருத்தன்.

"யார்றா நீ?"

"கண்ணாடிக் கம்பெனி மெக்கானிக் சார். தானா கறுக்குதுன்னு மேடம் வரச் சொன்னாங்க."

"தானாவா? என்கிட்ட ஆதாரம் இருக்கு." போனை நீட்டி, படத்தைத் தொட்டார். "இப்பவும் கறுப்புதான், பாரு."

ஜன்னல் பளிச்சென்று வெளுத்தது.

மெக்கானிக் போனை எட்டிப் பார்த்தான். "சார், தொட்டுப் பாக்குறதுக்கு இல்ல அது. அதுதான் ஜன்னலோட சுவிட்ச்."

மனைவி ஊசியைக் கீழே வைத்தாள்.

"தினமும் பதினோரு மணிக்கு என்னத்தைத் தேடுனீங்க?"