விரல் பிடித்தவள்

"முதல்ல உங்க சம்சாரத்துக்கு நன்றி சொல்லுங்கோ, அப்புறமா எனக்குச் சொல்லலாம்" என்றார் டாக்டர் விஷ்ணுப்ரியா. "கட்டியெல்லாம் கரைஞ்சாச்சு. நோய் இருந்த சுவடே இல்லை."

சங்கிலிப்பாண்டி இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டான். பக்கத்தில் இருந்த இசக்கிசெல்விக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஒரு வார்த்தைக்காக அவள் வேண்டாத சாமியில்லை.

"தோப்பும்படி ஹார்பர்ல மீனுக்கு ஐஸ் போடற ஆளு, விரல் வெளுத்து நீலம் பாரிச்சு வந்தா யாரா இருந்தாலும் ஐஸ்தான் காரணம்னு சொல்லுவா. நானும் ஒரு களிம்பை எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். இவா விடலையே! ராத்திரி போர்வைக்குள்ள கிடக்கறச்சேயும் விரல் ஜில்லுனு வெளுத்திருக்குன்னு அடிச்சுச் சொன்னா. ஐஸைத் தொட்டு அவ்வளவு நேரம் கழிச்சும் ஏன் அப்படி? அந்தச் சந்தேகத்துலதான் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். நிணநீர்ப் புற்றுநோய் விரல்ல வந்து அடையாளம் காட்டறது ரொம்ப அபூர்வம்."

நர்ஸ் ஸ்நேஹா பெருமூச்சு விட்டாள். "உறக்கத்துலயும் கை பிடிச்சுக் கிடக்கற சிநேகம்! சேட்டன் பாக்கியவான். எனக்கும் ஒரு கெட்டியோன் இருக்கான், புருஷன்னு பேருக்கு. குறட்டை மட்டும்தான்."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்று முணுமுணுத்துத் தலையைக் குனிந்துகொண்டாள் இசக்கிசெல்வி. முகம் சிவந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

மட்டாஞ்சேரியில் அவர்கள் தெரு முழுக்க இதே பேச்சுதான். அவளைக் காட்டிப் புருஷனிடம் சண்டை போட்ட பெண்கள்கூட உண்டு. யாராவது புகழ ஆரம்பித்தால் போதும், அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி அவள் உள்ளே ஓடிவிடுவாள்.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் படகில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சங்கிலிப்பாண்டி போனை எடுத்து விரலை வைத்தான். சட்டென்று திறந்தது. நோய் கண்டிருந்தபோது எவ்வளவு தேய்த்தாலும் அது திறந்ததில்லை.

"எல்லாம் சரியாயிட்டும்மா. உன் மருமவ காப்பாத்திட்டா" என்று ஊரிலிருக்கும் அம்மாவை அழைத்துச் சொன்னான்.

பேசி முடித்ததும் மனைவி பக்கம் திரும்பினான். "ஏளா, நீ மட்டும் இல்லேன்னா நான் இன்னைக்குச் சுவத்துல போட்டோவாத் தொங்கியிருப்பேன்."

"வாயக் கழுவுங்க."

"கையக் குடு."

"சும்மா இருங்க. படகுல எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும்."

அவள் கட்டைவிரலைப் பிடித்துத் தன் போனின் ஓரத்தில் வைத்து அழுத்தினான். எடுத்தான். மறுபடியும் அழுத்தினான்.

"என்ன செய்யுதிய?"

"பொறு."

இன்னும் சில தடவை அழுத்தியபின் திருப்தியாகத் தலையாட்டி, போனை அவள் கையிலேயே வைத்தான்.

"உன் விரலையும் சேத்தாச்சு. இனிமே இதுல எவ பேசுதான்னு பாக்க, நான் தூங்குத வரைக்கும் முழிச்சுக் கிடந்து என் விரலைப் பிடிச்சு அழுத்த வேண்டாம்."